லாயிட் கேட்ட அரைமணி நேரம்

மேடையில் வீற்றிருக்கும் 'செவிவழி' குழுவின் தலைவர் சிவசங்கரன் அவர்களே! முன்வரிசையில் அமர்ந்திருக்கும், மறைந்த லாயிட்டின் தங்கை பிரிஜெட் அம்மையாரே! டிராஃபிக்கையும் பொருட்படுத்தாமல் ஜீவனஹள்ளியின் இந்தச் சின்னக் கூடத்துக்குத் திரண்டு வந்திருக்கும் தன்னார்வலர்களே! உங்கள் அனைவருக்கும் கோதண்டராமனின் வணக்கம். நம் குழுவினர் இத்தனை பேரை ஒரே இடத்தில் இன்றுதான் பார்க்கிறேன். நம்மைக் கூட்ட லாயிட் சாக வேண்டியிருந்தது.

பார்வையற்றவர்களுக்குத் திரையில் இருக்கும் தமிழை வாசித்துக் காட்டும் மென்பொருளை இலவசமாகத் தருகிறோம் என்று மார்தட்டிக்கொள்கிறோம். மென்பொருளை எழுதிப் போட்டதோடு நாம் ஒதுங்கிவிட்டோம். அதன் இணையதளத்தையும், கேட்டவருக்குப் பதில் சொல்லும் மன்றத்தையும் பன்னிரண்டு ஆண்டுகள் உயிரோடு வைத்திருந்தவர் யார்? லாயிட்! ஸ்ரீராம்புரத்துப் பார்வையற்ற ஆசிரியை அன்னம்மாள், பாடப்புத்தகத்தை மென்பொருள் வாசிக்க மறுக்கிறது என்று எழுதினால், அன்றைக்கே வழி சொன்னவர் யார்? லாயிட்!

அந்தப் பொறுப்பு அவருக்கு எப்படி வந்தது தெரியுமா? குறை சொன்னவரே வேலையைச் செய்ய வேண்டும் என்பது நம் குழுவின் வழக்கம். "சைட்டு ரொம்ப ஸ்லோ மச்சி" என்று ஒருநாள் சொல்லித் தொலைத்தார். உடனே அவர் தலையில் கட்டினோம். அதற்குப் பிறகு நம்மில் ஒருவர்கூடக் குறையே சொன்னதில்லை. எவ்வளவு பெருந்தன்மை நமக்கு!

போன மாதம் சிறுநீரகம் கைவிட்டு, அடுகோடிப் பகுதியில் ஓர் ஆஸ்பத்திரியில் படுத்தார். நம் தளமும் மன்றமும் குடியிருக்கும் பழைய சர்வரை, அதை வாடகைக்கு விட்ட கம்பெனிக்காரர்கள் இந்த மாதம் முப்பதாம் தேதி அழிக்கப்போகிறார்கள். அதற்குள் எல்லாவற்றையும் இடம் மாற்ற வேண்டும். "யாராச்சும் ஒருத்தர் வாங்கப்பா. அரை மணி நேரம் போதும், எல்லாம் காட்டிக் குடுத்துடறேன்" என்று மன்றத்தில் ஆறு கடிதங்கள் எழுதினார். ஆறுக்கும் இதயக் குறி போட்டோம். முதல் கடிதத்துக்கு மட்டும் நூற்று நாற்பத்து மூன்று இதயங்கள்! 'வருகிறேன்' என்று எழுத ஒரு விரல் எழவில்லை. தலைவர் அவர்களே, உங்கள் வீடும் அடுகோடிதானே? செருப்பு மாட்டிக்கொண்டு நடந்தால் பத்து நிமிடம்.

நான் யோக்கியனா? கேளுங்கள். சர்வருக்குள் நுழைய ஓர் எண் வேண்டும். முப்பது விநாடிக்கு ஒருமுறை மாறும் அந்த எண், லாயிட்டின் கைப்பேசிக்குள் மட்டும்தான் பிறக்கும். அந்தக் கைப்பேசி அவர் கையை விட்டுப் பிரிந்ததே இல்லையே என்று கண்கலங்கி, சவப்பெட்டியை மூடும் முன்பு ஜெபமாலைக்குப் பக்கத்தில் அதைச் செருகிய மேதை யார்? நான்தான்! என்ன ஒரு பாசம் என்று நீங்களும் மூக்கைச் சிந்தினீர்கள். மூன்றாம் நாள் சர்வர் படுத்தபோதுதான் நமக்குப் புத்தி வந்தது. சர்வர்க்காரர்களைக் கேட்டால், "அக்கவுண்ட் ஓனர் வரட்டும் சார்" என்கிறார்கள்.

அப்புறம் நாம் செய்த காரியத்தையும் சொல்லிவிடுகிறேன். கல்லறையைத் திறக்கச் சம்மதம் கேட்டு, பிரிஜெட் அம்மையாரின் வீட்டு வாசலில் நால்வர் போய் நின்றோம். அவர் அழவில்லை. "அண்ணன் ஆறு தபா கூப்ட்டப்போ ஆஸ்பத்திரி தூரம், டிராஃபிக்குன்னீங்க. இப்ப கல்லறை மட்டும் கிட்ட வந்துடுச்சா? சும்மா போங்க சார்" என்று கதவைச் சாத்தினார். அவர் செய்தது சரி.

முப்பதாம் தேதிக்கு இன்னும் நான்கு நாள். பன்னிரண்டு ஆண்டுப் பதில்களும் போய்விடும். அன்னம்மாள் நேற்று எனக்குப் போன் செய்து, "இனிமே யாரக் கேக்கறதுங்க?" என்றார். என்னைக் கேளுங்கள் என்றேன். மன்றத்தை முதல் பக்கத்திலிருந்து மறுபடியும் கட்டுவேன், இது உறுதி. ஆனால் சாவி இனி ஒருவரிடம் இருக்காது, மூவரிடம் இருக்கும். இன்னும் இருவர் வேண்டும்.

அடுத்ததாக இரண்டு நிமிட மௌன அஞ்சலி என்று நிகழ்ச்சி நிரலில் போட்டிருக்கிறீர்கள். வேண்டாம். அவர் உயிரோடு இருந்தபோதே ஆறு முறை செலுத்திவிட்டோம். யாராவது இருவர் எழுந்து வாயைத் திறந்து 'நான் வருகிறேன்' என்று சொல்லுங்கள். அதுவரை இந்த மைக்கை விட்டு நான் நகர மாட்டேன்.