இரண்டாவது டைவ்

—கப்பை ரெண்டு கையாலயும் பிடி. பாதி டீ மணல்ல கொட்டுது.

—கொட்டலையே ஆன்ட்டி. ஆத்துறேன்.

—ஓ... நடுங்குறதுக்கு உங்க கிம்பர்லில அப்படி ஒரு பேரா?

—குளிர் எனக்கென்ன புதுசா? நான் கோல்டு ஸ்டோரேஜ் மெக்கானிக். மைனஸ் இருபதுல நின்னு ஸ்பானர் பிடிக்கிற கை இது.

—அது காத்து, ரீத்வான். இது கடல்.

—தெரியும். காத்தைவிட தண்ணி இருபது மடங்குக்கு மேல வேகமா உடம்புச் சூட்டை உறிஞ்சிடும். அதனால மைனஸ் இருபதுல அரைமணி நேரம் நின்னு கதை பேசலாம். பதிமூணு டிகிரி தண்ணியில...

—தண்ணியில?

—...டீ நல்லா இருக்கு.

—ம். படிச்சிட்டுத்தான் வந்திருக்கே.

—யும்னா மூணு புத்தகம் குடுத்தா.

—என் பொண்ணு வேற என்ன சொல்லிக் குடுத்தா?

—'என்னைக் கட்டிக்கிறதா இருந்தா அம்மாகிட்ட வீட்டுல வச்சுக் கேக்காதே, பதிலே வராது. அவங்களோட ரெண்டு தடவை தண்ணிக்குள்ள போயிட்டு வா. அப்புறம் கேளு'ன்னு.

—சரியாத்தான் சொல்லியிருக்கா.

—ஒரு தடவை போயாச்சு. அதனால ஆன்ட்டி, இப்பவே ஒரு வார்த்தை...

—ரெண்டு.

—இல்ல, சும்மா ஒரு முன்னோட்டமா...

—இருபத்தாறு வருஷம் டிரைவிங் டெஸ்ட் எடுத்தவ நான். பாதி டெஸ்டுல ரிசல்ட் கேட்டவனையெல்லாம் என்ன பண்ணியிருக்கேன், தெரியுமா?

—தெரியும். சைமன்ஸ் டவுன்ல பாதிப் பேரு சைக்கிள்ல போறதுக்குக் காரணமே நீங்கதானாமே.

—...அவளுக்கு வாய் ஜாஸ்தி.

—கோவிச்சுக்காதீங்க. ஆனா ஏன் ரெண்டு? ஒண்ணுலயே ஆளைத் தெரிஞ்சுக்க முடியாதா?

—முதல் டைவ்ல எல்லாருமே வீரன்தான். காய்ஞ்ச டைவிங் சூட், வயித்துல சூடா சாப்பாடு, கீழ என்ன இருக்கோங்கிற ஆசை. அப்புறம் ஒரு மணி நேரம் இப்படிக் கரையில உக்காந்து எலும்புவரைக்கும் குளிர்ந்துபோய், அந்த ஈர ரப்பர் சூட்டை மறுபடி காலுல ஏத்தணும் பாரு... செத்த மீன் மாதிரி ஜில்லுன்னு ஒட்டும். அப்பத்தான் ஆள் யாருன்னு தெரியும்.

—அந்த ஒரு மணி நேரம் அவசியம்தானே, உடம்புல ஊறின நைட்ரஜன் வெளியேறணும்ல. சோடா பாட்டிலை மெதுவாத் திறக்கிற மாதிரி, அழுத்தம் குறையக் குறைய அது...

—வகுப்பு போதும். கூசிஸ்டர் பணியாரம் எடுத்துக்கோ. பாகு இன்னும் சூடா இருக்கு. யும்னா அப்பா விடிகாலையில எந்திரிச்சுப் பொரிச்சது.

—அங்கிள் டைவ் பண்ண மாட்டாரா?

—குளிக்கிற தொட்டியில தண்ணி முழங்காலுக்கு மேல வந்தாலே அவருக்குத் தலை சுத்தும். பொரிக்கிறது அவர், முங்குறது நான். அப்படித்தான் ஓடுது எங்க வீடு.

—உங்க மூத்த மாப்பிள்ளை?

—ஷமீலைக் கேக்குறியா? ரெண்டாவது டைவ்ல காத்துக்குழாய் வாயில இருக்கும்போதே அது வழியா வாந்தி எடுத்தான். ஊர்ல இருக்கிற மீன் பூரா பந்திக்கு வந்துடுச்சு.

—ஐயோ... ஃபெயிலா?

—பாஸ். அவ்வளவு நடந்தும் குழாயை வாயில இருந்து எடுக்கலையே. எடுத்திருந்தா அடுத்த மூச்சுல கடலைக் குடிச்சிருப்பான்... டப்பாவை மூடு.

—ஏன், எனக்கு இன்னொண்ணு...

—மூடுன்னா மூடு. அந்தப் பாறை மேல பாரு. குரங்குக் கூட்டம். வண்டிக்குள்ள வை. கண்ணாடியை ஏத்து. முழுசா ஏத்து.

—இது எந்தப் புத்தகத்துலயும் இல்ல ஆன்ட்டி.

—அந்தப் பெருசு இருக்கே, போன வாரம் ஒருத்தனோட மாஸ்க்கைத் தூக்கிட்டுப் போய் மலை மேல உக்காந்து மாட்டிப் பார்த்துச்சு... சரி, போகுதுங்க. சொல்லு. கீழ என்ன பார்த்தே?

—எப்படிச் சொல்றது... மேலேருந்து பார்த்தப்போ அந்தக் கடல்பாசி பிடிக்கவே இல்ல. பழுப்பா, வழவழன்னு, கிழிஞ்ச தோல்வாரு மிதக்குற மாதிரி. இதுக்குள்ளயா போகணும்னு நினைச்சேன். தலையை உள்ள விட்டதும்...

—விட்டதும்?

—பேச்சே நின்னுடுச்சு.

—வாயில குழாய் இருந்துச்சு. எனக்கு இந்தக் கடல் பிடிச்சதே அதனாலதான். யாரா இருந்தாலும் சும்மா இருப்பாங்க.

—கிண்டல் பண்ணாதீங்க. காடு ஆன்ட்டி அது. நிஜக் காடு. தூண் தூணா, நாலு ஆள் உயரத்துக்கு... மேல கூரை மாதிரி இலை. இலைக்கு நடுவுல வெயில் புகுந்து சாய்வா, கம்பி கம்பியா இறங்குது. அலை வந்தா மொத்தக் காடும் ஒரு பக்கம் சாயுது, அலை போனா மறுபக்கம். ஒரு அவசரம் கிடையாது. நான் பார்த்த காடெல்லாம் நின்ன இடத்துல நிக்கும். இது மூச்சு விடுது.

—கடல்மூங்கில்னு சும்மாவா பேரு வச்சாங்க.

—தட்டிப் பார்த்தேன். உள்ள வெறும் குழல்.

—தண்டுக்குள்ள காத்து. உச்சியில கொழுத்த குமிழ் ஒண்ணு. அதுதான் இலையை வெளிச்சத்துக்குத் தூக்கிப் பிடிக்குது. ஊர் மரம் கட்டையை வச்சு நிக்கும். இது காத்தை வச்சு நிக்குது.

—அப்போ வேரு?

—வேரே கிடையாது. அடியில விரல் விரலா பாறையைப் பிடிச்சிருக்கே, அது பிடி மட்டும்தான். ஒரு சொட்டுக் குடிக்காது. சாப்பாடெல்லாம் இலை வழியா, சுத்தி இருக்கிற தண்ணியிலேருந்தே.

—அதான் குளிர் வேணும்... ஆழத்துல இருக்கிற குளிர்ந்த தண்ணியிலதான் சத்து ஜாஸ்தி. அது மேல வந்தாத்தான் இதுக்குத் தீனி. அப்போ இந்தக் குளிர்தான் இந்தக் காட்டுக்குச் சோறு. இல்லையா?

—...அது நல்லாச் சொன்னே.

—மார்க் உண்டா?

—டீயைக் குடி. ஆரம்பத்துல நீ கடலோட சண்டை போட்டே. அது பின்னால இழுக்கும்போது போய் முன்னால உதைச்சே.

—ஆமா. நின்ன இடத்துலயே நின்னேன், மூச்சு வாங்குச்சு. அப்புறம் உங்களைப் பார்த்தேன். இழுக்கும்போது ஒரு தண்டைப் பிடிச்சுக்கிட்டு சும்மா தொங்குனீங்க. தள்ளும்போது கையை விட்டீங்க. அஞ்சாறடி ஓசியில போனீங்க.

—ஓசியில வர்றதை வேண்டாம்னு சொல்லக் கூடாது.

—அறுபது வயசுல அப்படி ஒரு நீச்சல்... நான் காட்டைப் பார்த்ததைவிட உங்களைப் பார்த்ததுதான் அதிகம்.

—ஐஸ் வைக்காதே.

—என் தொழிலே அதுதானே.

—...ம்ம். சிரிக்க வச்சுட்டே. சரி, நடுவுல ஒரு இடத்துல உன் முகம் திடீர்னு மலர்ந்துச்சே, எதைப் பார்த்து?

—எப்போ? அது... ஒண்ணுமில்ல.

—சூட்டுக்குள்ளேயேவா?

—ஆன்ட்டி...

—வெக்கப்படாதே. அந்தக் குளிர்ல எல்லாரும் ஒண்ணுக்குப் போறதுதான். சொல்றவங்கதான் கம்மி.

—கதகதன்னு இருந்துச்சு. அவ்வளவுதான் சொல்லுவேன். பேச்சை மாத்துங்க... அந்தக் குட்டிச் சுறா.

—வெக்கச்சுறா. பொருத்தமாத்தான் மாத்துறே.

—நம்மளைப் பார்த்ததும் வளையமாச் சுருண்டு, வாலால கண்ணை மூடிக்கிச்சே. சுறாவுக்குப் பயந்துக்கிட்டு வந்தவன் நான். அது என்னைப் பார்த்து...

—கண்ணை மூடிக்கிட்டா எதிர்ல ஆளே இல்லைன்னு நினைப்பு. நம்ம கூசிஸ்டர்க்காரரும் அப்படித்தான், நான் கோவமா வந்தா.

—அப்புறம் அந்தச் சுறாவோட முட்டை. தோல்பை மாதிரி, நாலு மூலையிலயும் சுருள் சுருளா கயிறு, தண்டைச் சுத்திக் கட்டி வச்சிருக்கு. நீங்க பின்னாலேருந்து டார்ச் அடிச்சீங்களே... உள்ள நிழலா ஒண்ணு துடிச்சுது. கயிறு கட்டின தாய் எப்பவோ போயிட்டா. ஆனா முடிச்சு அவிழல. எவ்வளவு அலை அடிச்சிருக்கும்... நான் போடுற வெல்டிங்கே ரெண்டு வருஷம்தான் தாங்குது.

—அதைக் காட்டத்தான் அங்க நிறுத்தினேன். எல்லாருக்கும் காட்ட மாட்டேன்.

—...நன்றி, ஆன்ட்டி. காத்து திரும்புது இல்ல?

—என்ன?

—காத்து. திரும்புதுன்னேன்.

—ஆமா, ஒரே இரைச்சல். எந்திரி, நேரமாச்சு. காலையில போனது வெறும் முன்வாசல். இப்ப அந்தப் பெரிய பாறைக்குப் பின்னால கூட்டிட்டுப் போறேன். காட்டுக்கு நடுவுல கூரையில்லாம ஒரு வட்டம் இருக்கு. அங்க மல்லாந்து கிடந்தா, தலைக்கு மேல கடல்நாய்க் குட்டிங்க ஓடிப் பிடிச்சு விளையாடும். ஒண்ணு வந்து உன் கால் துடுப்பைக் கடிச்சு இழுக்கும், நீ திரும்பினா ஒண்ணும் தெரியாத மாதிரி மேல பார்க்கும்.

—...எவ்வளவு ஆழம்?

—பன்னெண்டு மீட்டர்.

—காலையில?

—எட்டு. சூட்டை எடு. என்ன முழிக்கிறே?

—ஆன்ட்டி, நான் வரலை.

—என்னது?

—வரலை. இந்தக் கையில மூணு விரலுக்கு உணர்ச்சியே இல்ல.

—காட்டு.

—அழுத்தினாலும் தெரியலை. கீழ உங்களுக்கு ஒண்ணுன்னா, மேல மிதக்க வைக்க உங்க ஈய பெல்ட்டை நான்தான் கழட்டி விடணும். இந்த விரலால முடியாது. முடியாதவனை நம்பி நீங்க இறங்கக் கூடாது.

—நாளைக்கு நீ ஊருக்குப் போறே.

—தெரியும்.

—ரெண்டாவது டைவ் இல்லாம நான் பதில் சொல்றதில்ல.

—அதுவும் தெரியும்.

—யும்னாகிட்ட என்னன்னு சொல்லுவே?

—விரல் விறைச்சுப் போச்சு, என்னால முடியலைன்னு சொல்லுவேன்.

—கோல்டு ஸ்டோரேஜ் மெக்கானிக்குக் குளிர் தாங்கலையான்னு சிரிப்பா.

—சிரிக்கட்டும்.

—...சரி. யாரு வேணும்னாலும், எப்ப வேணும்னாலும் டைவை நிறுத்தலாம். ஏன்னு கேக்கக் கூடாது. இந்தக் கடல்ல அதுதான் சட்டம். அதனால கேக்கலை.

—நன்றி.

—பக்கத்து வண்டியில ரெண்டு பேர் கிளம்புறாங்க, எனக்குத் தெரிஞ்ச பசங்கதான். அவங்களோட நான் ஒரு முங்கு போட்டுட்டு வந்துடறேன்.

—வேண்டாம்.

—ஏன்? விறைச்சது உன் விரல்தானே?

—நான்... நான் தனியா இருந்தா குரங்கு வரும்.

—குரங்குக்குப் பயமா?

—ரொம்ப. சின்ன வயசுலேருந்தே.

—கிம்பர்லில ஏதுடா குரங்கு... சரி, உக்காரு. அந்தப் பையில நார்ச்சி ஆரஞ்சு இருக்கு. ஒண்ணு உரிச்சுக் குடு.

—இதோ.

—வெள்ளை நார் இருந்தா எனக்குப் பிடிக்காது.

—எடுத்துடறேன்... கொஞ்சம் இருங்க... இந்தாங்க ஆன்ட்டி.

—அழகா உரிச்சிருக்கே. தோலு ஒரே துண்டா வந்திருக்கு. சுளையில ஒரு நார் இல்ல. இது உணர்ச்சி இல்லாத விரலு.

—இப்பத்தான்... கொஞ்சம் வந்துச்சு.

—வந்துடுச்சுல்ல? அப்போ சூட்டை மாட்டு. போகலாம்.

—வேண்டாம், ஆன்ட்டி.

—ஏன்?

—ஏன்னு கேக்கக் கூடாது. சட்டம்.

—டைவர் கேக்கலை. டெஸ்ட் எடுக்கிறவ கேக்கிறா. கீழ இன்னும் என்ன பார்த்தே?

—காடு பார்த்தேன். சுறா பார்த்தேன். முட்டை...

—அப்புறம்?

—...இறங்கும்போது நீங்க நின்னு நின்னு மூக்கைப் பிடிச்சு ஊதினதைப் பார்த்தேன். எனக்கு ஒரே ஊதல்ல காதடைப்பு விட்டுடுச்சு, உங்களுக்கு விடலை. கடைசித் தடவை முகத்தைச் சுளிச்சீங்க. மேல வந்ததும் எனக்கு முதுகைக் காட்டிக்கிட்டு மாஸ்க்கைக் கழுவுனீங்க. காதுச் சவ்வு கிழிஞ்சிருந்தா, அடுத்த தடவை குளிர்தண்ணி உள்ள போயிடும். தலை சுத்தும், மேல எது கீழ எதுன்னு தெரியாது. பன்னெண்டு மீட்டர்ல அது... நான் தப்பாவும் பார்த்திருக்கலாம், ஆன்ட்டி. அதான் விரல்னு சொன்னேன்.

—தப்பாப் பார்க்கலை. மாஸ்க்ல ரத்தம் இருந்துச்சு. நீ நிறுத்தலைன்னா நான் இறங்கியிருப்பேன், பொண்ணு கேட்டு வந்த பையன் முன்னால முடியலைன்னு சொல்ல எனக்கு வாய் வரலை. வலது காதுல அப்போலேருந்து எதுவுமே விழல... சுத்திக்கிட்டு இந்தப் பக்கமா வந்து உக்காரு. நீ கேக்க வந்ததை இப்பக் கேளு.