வெளியே எத்தனை பேர்?

இன்னும் கொஞ்சம் கிட்டே வந்து உட்காருங்கள். இதைச் சத்தமாகச் சொல்ல முடியாது.

இரவு ஏழே முக்கால். பிரிக்பீல்ட்ஸில் ரயில் தண்டவாளத்தை ஒட்டிப் போகும் ஒரு சந்து. ஆள் நடமாட்டமில்லை. ஒரே ஒரு விளக்குக் கம்பம்... அதுவும் விட்டு விட்டு எரிகிறது. 1979. மழை அப்போதுதான் நின்றிருந்தது.

நடந்து போனவர், எனக்கு இதைச் சொன்ன கனகசபையின் சித்தப்பா, விநாயகமூர்த்தி. ரயில்வேயில் கிளார்க்.

சந்தின் கடைசியில் பழைய கடைவீடு. கீழே பூட்டிக் கிடக்கும் அச்சகம். மேலே லாட்ஜ். தங்கும் விடுதி இல்லை... வெள்ளைக்காரன் காலத்தில் ரயில்வே ஆட்கள் தொடங்கிய சகோதரச் சங்கம். வாசலில் பெயர்ப்பலகை கூடக் கிடையாது.

அதில் சேருவது லேசில்லை. உள்ளே ஒரு மரப்பெட்டி இருக்கும். உறுப்பினர் ஒவ்வொருவரும் அதற்குள் கையை விட்டு, கோலிக்குண்டு அளவில் வெள்ளையோ கறுப்போ ஒரு குண்டு போட வேண்டும். எல்லாம் வெள்ளை என்றால் வரலாம். கறுப்பு... ஒன்று விழுந்தாலும் போதும், கதவு சாத்தியதுதான். யார் போட்டது என்று கேட்கக் கூடாது.

மூர்த்தியின் அப்பா வல்லிபுரத்துக்கு 1951இல் அப்படி ஒன்று விழுந்தது.

அதுகூடப் பெரிதில்லை. வெளியே வந்து அவரிடம் சொல்ல ஒருவருக்கும் முகமில்லை. எல்லோரும் பின்பக்கப் படிக்கட்டு வழியாக இறங்கிப் போய்விட்டார்கள். டிரங்குப் பெட்டியிலிருந்து எடுத்த வெள்ளைக் கோட்டு, அந்துருண்டை வாசனையோடு... வல்லிபுரம் வெளியறை நாற்காலியில் உட்கார்ந்தே இருந்தார். விடியும் வரை. காலையில் கூட்டிப் பெருக்க வந்தவரிடம் கேட்டாராம்: "இன்னும் முடியலையா?"

பிறகு ஒன்பது வருடம் உயிரோடு இருந்தார். வீட்டில் ஒரு சொல் பேசவில்லை. அந்த மௌனத்துக்குள்தான் மூர்த்தி வளர்ந்தார். என்றைக்காவது அந்தக் கதவைத் தாண்ட வேண்டும், உள்ளே நின்று அப்பாவின் பெயரைச் சொல்ல வேண்டும்... அதற்காகத்தான் வந்திருந்தார்.

"வேர்க்குதா மூர்த்தி?" என்றார் வெளியறையில் அவருக்காகக் காத்திருந்த ஸ்டானிஸ்லாஸ். என்ஜின் டிரைவர். மூர்த்தியை முன்மொழிந்தவர் அவர்தான். "பயப்படாதே லா. நான் இங்க வர்றது எங்க சர்ச் ஃபாதருக்குத் தெரிஞ்சா எனக்குத்தான் நரகம். உனக்கென்ன?"

"அப்பா உட்கார்ந்தது இந்த நாற்காலியாண்ணே?"

ஸ்டானிஸ்லாஸ் கறுப்புத் துணியால் மூர்த்தியின் கண்ணைக் கட்டிவிட்டு உள்ளே போனார்.

இருட்டு. மேலே காற்றாடி... டக்... டக்... தூரத்தில் சரக்கு ரயில். உட்காரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. உள்ளே குண்டுகள் ஒவ்வொன்றாக விழும் சத்தம். டொக். டொக். பதினொன்று எண்ணினார்.

கதவு திறந்தது. "எல்லாம் வெள்ளை," என்றார் ஸ்டானிஸ்லாஸ். கையைப் பிடித்துப் பெரிய கதவின் முன்னால் நிறுத்தினார். "மூணு தட்டு தட்டு. கேட்டா சொல்லிக் குடுத்ததைச் சொல்லு. நான் பக்கத்துக் கதவால உள்ள போயிடுவேன். இங்க நீ தனியாத்தான் நிக்கணும்."

காலடிச் சத்தம் போய்விட்டது. கதவு சாத்தும் சத்தமும் கேட்டது.

மூர்த்தி மூன்று தட்டினார்.

அப்போது இடது தோளில் ஒரு கை வந்து உட்கார்ந்தது. ஸ்டானிஸ்லாஸ் திரும்பி வந்துவிட்டார் போலிருக்கிறது என்று நினைத்தார்.

கதவிலிருந்த சின்னத் திட்டிவாசல் திறந்தது. கதவுக்குக் காவல் பேசில் என்பவர். சடங்குக் குரலில் கேட்டார்: "வெளியே எத்தனை பேர்?"

"ஒருவன்."

மேலே காற்றாடி... டக்... டக்...

"வெளியே எத்தனை பேர்?"

இரண்டு முறை கேட்பார்கள் என்று யாரும் சொல்லிக் கொடுக்கவில்லையே... "ஒருவன்," என்றார் மறுபடி.

பிறகு பேசிலின் குரல், சடங்கெல்லாம் கழன்று, வெறும் மூச்சாக வந்தது.

"மூர்த்தி... நிஜமா சொல்லு லா. எத்தனை பேர்?"

அப்போதுதான் அந்துருண்டை வாசனை.

தோளில் இருந்த கை மெல்லத் தளர்ந்தது. எடுத்துக்கொள்ளப் போவது போல. இப்போது ஒருவன் என்றால் கதவு தனக்குத் திறக்கும்... அந்தக் கை இங்கேயே நிற்கும், இன்னும் எத்தனை வருடமோ.

"ரெண்டு பேர்," என்றார் மூர்த்தி.

கதவு திறந்தது.

கண்கட்டை அவிழ்த்தபோது பதினொரு பேரும் நின்றுகொண்டிருந்தார்கள். ஒருவர்கூட அவரைப் பார்க்கவில்லை. அவருக்கு இடப்பக்கம் பார்த்தார்கள். அவர் உறுதிமொழி சொன்னார். ஒவ்வொரு சொல்லுக்கும் அரை மூச்சு பிந்தி, பக்கத்தில் இன்னொரு முணுமுணுப்பு. முடிந்ததும் தலைவர் இரண்டு நாற்காலி இழுத்துப் போட்டார்.

அதன் பிறகு அந்த லாட்ஜில் ஒருவரும் சேரவில்லை.

அடுத்து வந்தவனுக்குப் பன்னிரண்டு பேர் குண்டு போட்டார்கள். பெட்டியில் பதின்மூன்று. ஒன்று கறுப்பு. அதற்கடுத்தவனுக்கும் அப்படியே. கறுப்புக் குண்டுகளை எல்லாம் பொறுக்கிக் கிள்ளான் ஆற்றில் போட்டுவிட்டு வந்தார்கள். மறுமாதமும் ஒன்று கறுப்பாகவே விழுந்தது.

பேசில் போனார். ஸ்டானிஸ்லாஸ் போனார். ஒவ்வொருவராய்... 1994இல் மிச்சம் மூர்த்தி மட்டும்.

ஆளில்லாமல் லாட்ஜ் மூடிப்போகும். மூர்த்தி தன் மகனை அழைத்துக்கொண்டு போனார். இருபத்திரண்டு வயது. அவன் கண்ணைக் கட்ட மனம் வரவில்லை. வெளியறையில் உட்கார வைத்துவிட்டு உள்ளே போனார். ஒரு வெள்ளைக் குண்டு போட்டார்.

திறந்தார். இரண்டு.

"அப்பா," என்றார் அந்த வெறும் மண்டபத்தில். "இவன் உங்க பேரன்."

மறுபடி போட்டார். மறுபடி இரண்டு. கறுப்பை எடுத்துப் பார்த்தார். யாரோ வெகுநேரம் கைக்குள் வைத்திருந்தது போல இளஞ்சூடாக இருந்தது.

வெளியே போய் மகனிடம் சொல்ல வேண்டும். கதவு வரை போனார். திரும்பினார். மறுபடி போனார். தாழ்ப்பாளில் கை வைத்தார்...

பின்பக்கப் படிக்கட்டு வழியாக இறங்கிவிட்டார்.

தண்டவாளத்தை ஒட்டி எங்கெங்கோ நடந்தார். நடுநிசிக்கு மேல் வீட்டுக்கு வந்தால், மகன் சாப்பிட்டு முடித்துக் கை கழுவிக்கொண்டிருக்கிறான்.

"ஏன்ப்பா மூஞ்சி இப்படி இருக்கு? எனக்கு ஒண்ணும் வருத்தமில்லை. அந்தப் பெரியவர் வந்து மரியாதையா சொல்லிட்டாரே."

"எந்தப் பெரியவர்?"

"வெள்ளைக் கோட்டு போட்டவர். உள்ள இருந்து வந்தார். 'தம்பி, உனக்கு இல்லை. காத்திருக்காதே, வீட்டுக்குப் போ'ன்னார். நான் எழுந்ததும் அந்த நாற்காலியில அவர் உட்கார்ந்துகிட்டார்."

மூர்த்தி வாசல் கதவைத் திரும்பிப் பார்த்தார்.

"நீங்க போகலையா அங்கிள்னு கேட்டேன். 'என் மகன் உள்ளதான் இருக்கான்... இந்தக் கதவாலதான் வருவான்'னார்."