குழிக்குள்ளிருந்து வந்த குரல்

ரஞ்சித்குமார்: யார்கிட்ட சிஸ்டர் பேசிக்கிட்டு இருக்கீங்க?

வெற்றிச்செல்வி: உங்க வீட்டுக்காரம்மாகிட்டதான் சார். கண்ணகி, இப்ப உங்கள இடது பக்கமாத் திருப்பப் போறேன். முதுகு கொஞ்சம் இழுக்கும்... அவ்வளவுதான். ஆச்சு.

ரஞ்சித்குமார்: அவளுக்குப் போயி எதுக்கு... விழுந்ததுலேருந்து கண்ணே தொறக்கலையே.

வெற்றிச்செல்வி: யாரத் தொட்டாலும் சொல்லிட்டுத்தான் தொடணும் சார். எங்க நர்ஸிங் படிப்புல மொதப் பாடமே அதான்.

ரஞ்சித்குமார்: சொல்லுங்க, வேணாங்கல. நடுநடுவுல நிறுத்துறீங்களே... அவ ஏதோ பதில் சொல்ற மாதிரி.

வெற்றிச்செல்வி: அவங்களுக்கும் நேரம் குடுக்கணும்ல.

ரஞ்சித்குமார்: பாக்கவே ஒரு மாதிரி இருக்கு சிஸ்டர்.

வெற்றிச்செல்வி: நேத்து வரைக்கும் வராண்டாவுலயே நின்னுட்டுப் போனீங்க. இன்னைக்குத்தான் உள்ள வந்திருக்கீங்க. ஸ்டூல் இருக்கு, உக்காருங்க.

ரஞ்சித்குமார்: நிக்கிறேன். காலையிலேருந்து ஏதாவது... வாய கீய அசைச்சாளா? ஏதாவது சொன்னாளா?

வெற்றிச்செல்வி: நோயாளி விஷயத்த அவங்க சம்மதம் இல்லாம நான் சொல்லக்கூடாது சார். டாக்டர் வருவாரு, கேளுங்க.

ரஞ்சித்குமார்: நான் என்ன வெளியாளா? தாலி கட்டினவன்.

வெற்றிச்செல்வி: இருந்தாலும் அவங்களக் கேட்டுட்டுத்தான்.

ரஞ்சித்குமார்: நேரா ஒரு பதில் சொல்ல மாட்டேங்கிறீங்களே.

வெற்றிச்செல்வி: பொய்யும் சொல்லலையே சார்.

ரஞ்சித்குமார்: இந்த அரியலூர் ஆஸ்பத்திரியே வேணாம். பெரம்பலூர்ல எங்கக்கா வூடு இருக்கு. அங்க வச்சுப் பாத்துக்கறோம். எங்க கையெழுத்துப் போடணும், சொல்லுங்க.

வெற்றிச்செல்வி: அப்படி அனுப்ப முடியாது. உயரத்துலேருந்து விழுந்து அடிபட்டவங்க வந்தா ஆஸ்பத்திரியிலேருந்து போலீசுக்குச் சொல்லியாகணும். வந்த அன்னைக்கே சொல்லியாச்சு.

ரஞ்சித்குமார்: கால் வழுக்கி விழுந்தவளுக்கு எதுக்கு போலீசு?

வெற்றிச்செல்வி: அது சட்டம் சார். யார் மேலயும் சந்தேகம்னு இல்ல.

ரஞ்சித்குமார்: நான் அப்ப பாடாலூர்ல இருந்தேன். லாரிக்கு டயர் மாத்திக்கிட்டு. எல்லாருக்கும் தெரியும். ஆடு தேடி வந்த அங்கமுத்துதான் சுண்ணாம்புக்கல் குழிக்குள்ள இவளப் பாத்துட்டு ஆள் கூட்டினாரு.

வெற்றிச்செல்வி: சரி சார்.

ரஞ்சித்குமார்: சரின்னா? நம்பலையா?

வெற்றிச்செல்வி: நம்புறதும் நம்பாததும் என் வேலை இல்ல... கண்ணகி, உதட்ட நனைக்கிறேன். ஈரப் பஞ்சுதான்... போதுமா? சரி, எடுத்துட்டேன்.

ரஞ்சித்குமார்: இமை துடிச்சுது. பாத்தீங்களா?

வெற்றிச்செல்வி: பாத்தேன்.

ரஞ்சித்குமார்: உங்களுக்கு பயமா இல்லையா?

வெற்றிச்செல்வி: இவங்களப் பாத்தா எனக்கு எதுக்கு சார் பயம்?

ரஞ்சித்குமார்: எனக்கு வூட்டுல இருக்க முடியல சிஸ்டர். தண்ணி டிரம் மூடியத் தூக்கினா உள்ளேருந்து கூப்பிடறா. 'ஏங்க'ன்னு. குனிஞ்சு பாத்தா என் மூஞ்சிதான் தெரியுது. மூடிட்டு நாலடி வந்தா மறுபடி... 'ஏங்க'. இங்க வராண்டாவுல எந்தப் பொம்பள புருசனக் கூப்பிட்டாலும் திரும்பிப் பாத்துடறேன்.

வெற்றிச்செல்வி: சார், ஒண்ணு சொல்லிடறேன். இந்தக் கட்டில் பக்கத்துல நீங்க எதச் சொன்னாலும் நான் மறைக்க முடியாது. டாக்டர்கிட்ட சொல்லணும். போலீசு கேட்டா அங்கயும் சொல்லணும். மனசுல பாரம் இருந்தா மொதல்ல ஒரு வக்கீலப் பாருங்க.

ரஞ்சித்குமார்: உங்ககிட்ட யார் சொல்றா? இவகிட்ட சொல்றேன். கேக்காதவகிட்ட சொன்னா என்ன ஆயிடப் போவுது?

வெற்றிச்செல்வி: கேக்காதுன்னு நான் சொல்லவே இல்ல சார்.

ரஞ்சித்குமார்: கண்ணகி... நான் தள்ளல. கல்லங்குறிச்சி பெருமாள் மேல சத்தியமா தள்ளல. ஜெயங்கொண்டத்துல ஜவுளிக்கடை வேலைக்குப் போயே தீருவேன்னு நீ சொன்ன. நான் வேணாம்னேன். தெருவுல ஆரம்பிச்ச சண்ட, குழி வரைக்கும் பேசிக்கிட்டே வந்துட்டோம். நீ விறுவிறுன்னு முன்னாடி போன. கரை சரிஞ்சுது. உன் முந்தானை என் கையில பட்டுது... பட்டுட்டு நழுவிடுச்சு.

வெற்றிச்செல்வி: சார், போதும். நான் சொன்னது ஞாபகம் இருக்கட்டும்.

ரஞ்சித்குமார்: இருங்க சிஸ்டர். சொல்லிடறேன். விழுந்ததும் ஆளக் கூப்பிட ஓடியிருக்கணும். நாலடி ஓடினேன். தெருவே பாத்துச்சே சண்டைய... நான்தான் தள்ளினேன்னு சொல்லுவாங்கன்னு தோணுச்சு. திரும்பி வந்தேன். கீழ தண்ணி ஓரமாக் கெடந்து நீ கூப்பிட்ட. குழிச் செவுத்துல மோதி அது சுத்திச் சுத்தி வந்துச்சு. நாலஞ்சு பொம்பளைங்க சேந்து கூப்பிடற மாதிரி. நான்... உக்காந்துட்டேன்.

வெற்றிச்செல்வி: உக்காந்துட்டீங்களா...

ரஞ்சித்குமார்: கொரல் நிக்கட்டும்னு. குழியில நெழல் ஏறிக்கிட்டே வந்துச்சு. கடைசில நின்னுடுச்சு. எட்டிப் பாக்கக்கூட இல்ல. எந்திரிச்சுப் போயிட்டேன். பாடாலூர் போனது, டயர் மாத்தினது எல்லாம் அதுக்கப்புறந்தான். நீ செத்துட்டன்னு நெனச்சுட்டேன் கண்ணகி.

வெற்றிச்செல்வி: சார், கொஞ்சம் தள்ளி நில்லுங்க. அவங்க கைய விடுங்க.

ரஞ்சித்குமார்: நான் பிடிக்கல சிஸ்டர்.

வெற்றிச்செல்வி: ஊசி போட்ட கை அது. விடுங்க.

ரஞ்சித்குமார்: நான் பிடிக்கல... அவதான் பிடிச்சிருக்கா. எடுக்க முடியல.

வெற்றிச்செல்வி: கண்ணகி, காலையில கண்ணு முழிச்சதும் வீட்டாளுங்க யாருக்கும் சொல்ல வேணாம்னு கேட்டுக்கிட்டீங்க. டாக்டருக்கும், அவர் தகவல் சொன்ன போலீசுக்கும் தவிர வேற யாருக்கும் தெரியாது. அவங்க வந்துக்கிட்டு இருக்காங்க. இப்ப உங்க விருப்பந்தான். பேசணும்னா பேசுங்க. இல்லைன்னா இவர நான் வெளிய அனுப்பிடறேன்.

ரஞ்சித்குமார்: காலையிலயா... கண்ணகி...

கண்ணகி: இருக்கட்டும் சிஸ்டர்... ஏங்க, குழிக்கு மேல நீங்க இருமினது எனக்குக் கேட்டுச்சுங்க. சத்தம் எப்ப நிக்கும்னுதான் உக்காந்திருக்கீங்கன்னு புரிஞ்சுபோச்சு. அதான் வாய மூடிக்கிட்டேன்... நீங்க எந்திரிச்சுப் போகணும்னு.