ஒரு சிட்டிகை யூரியா

நாற்காலி வசதியாகத்தான் இருக்கிறது, ஐயா. மின்விசிறியை மட்டும் கொஞ்சம் குறைக்கச் சொல்லுங்கள்.

கடலோர ஆய்வுக்கூடத்தில் நான் பத்தொன்பது வருடமாக உதவியாளன். என் தங்கை அங்கே விஞ்ஞானி. உப்புச் சேற்றின்மேல் பச்சைப் பாய்போலப் படரும் பாக்டீரியாக்கள்தான் அவளுக்கு உலகம். காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்துச் சேற்றுக்கு உரமாக்குமாம். கண்ணுக்கே தெரியாதவற்றுக்கு அவ்வளவு மரியாதை.

ஒருநாள் வெளியூர்ப் பேராசிரியர்கள் வந்திருந்தார்கள். "இவர் நம்ம லேப் அசிஸ்டென்ட்," என்று என்னைக் காட்டினாள். அண்ணன் என்று சொல்லவில்லை. அவ்வளவுதான். சிரித்தபடியே தேநீர்க் கோப்பைகளை எடுத்துக்கொண்டு போனேன்.

மறுவாரத்திலிருந்து அவள் பாக்டீரியா வளர்க்கும் கண்ணாடித் தட்டுகளில் ஒரு சிட்டிகை யூரியா போட ஆரம்பித்தேன். விஷமில்லை, விருந்து. உரம் தயாராகக் கிடைத்தால் அந்த பாக்டீரியாக்கள் காற்றில் நைட்ரஜன் பிடிக்கும் வேலையை நிறுத்திவிடும். அரசாங்க வேலை கிடைத்த மாதிரி.

ஐந்து மாதம் அவள் அளந்ததெல்லாம் பூஜ்யம்.

"அண்ணா, போன வருஷம் வந்த ரிசல்ட் இப்ப ஏன் வரமாட்டேங்குது? நான்தான் ஏதாவது தப்பு பண்றேனா?"

"உடம்பைப் பாத்துக்கம்மா. ரொம்ப இளைச்சுட்டே," என்றேன். அக்கறையாகத்தான் சொன்னேன்.

விசாரணைக் குழு போட்டார்கள். பழைய முடிவுகளும் ஜோடனை என்று சொல்ல மூன்று பெரியவர்களுக்கு ஒரு மதியம் போதுமாக இருந்தது. தட்டில் என்ன இருக்கிறது என்று பார்க்க ஒருவருக்கும் தோன்றவில்லை. நிறையப் படித்தவர்கள்.

அவள் விடவில்லை. "தட்டெல்லாம் வேணாம்ணா. நேரா சேத்துக்கே போய் அளந்து காட்டுறேன். தண்ணி எத்தனை மணிக்கு ஏறும்?"

சேற்றில் என் கை எட்டாது. கடலேறும் நேரம் பார்த்துச் சொல்வது மட்டும் என் வேலை.

"நாலு மணிக்கு மேலதாம்மா. நிதானமா செய்."

அட்டவணையில் ஒன்றே முக்கால் என்றிருந்தது.

முழங்கால்வரை இழுக்கும் சேறு அது. இரண்டரை மணிக்கு ஜன்னலருகே நின்று பார்த்தேன். இடுப்பளவுத் தண்ணீரில் நின்று கையசைத்தாள். நானும் கையசைத்தேன்.

ஆமாம், தெரிந்தேதான் நேரத்தை மாற்றிச் சொன்னேன். அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். எங்கள் அம்மாவிடம் மட்டும் சொல்ல வேண்டாம், ஐயா. அவருக்கு இப்போது என்னை விட்டால் யார் இருக்கிறார்கள்?