பதினான்கு நாள் அறிவித்தல்

கரவன்கள்மீது எனக்கு எந்தக் கோபமும் இல்லை. கோடை தொடங்கியதும் டேனிஷ்காரர் அந்தச் சக்கர வீடுகளைக் காருக்குப் பின்னால் கொழுவிக்கொண்டு கடற்கரைப் பக்கம் கிளம்புவதைப் பார்க்க எனக்கும் சந்தோஷமாகத்தான் இருக்கும். ஆனால் செப்டம்பரில் திரும்பிவந்த கரவன் அடுத்த மே மாதம்வரை வாசலில் பாசி பிடித்து நின்றால், அந்தத் தெருவை யார் மதிப்பார்கள்?

டென்மார்க்கின் கிரின்ஸ்டெட்டில் எங்கள் தெருவில் முப்பத்தொரு வீடுகள். அவற்றில் ஐந்து தமிழருடையவை. வீட்டுச் சொந்தக்காரர் சங்கத்துக்கு நான்தான் தலைவர், அதுவும் முதல் தமிழ்த் தலைவர். புல்லை நேராக வெட்டுவேன், வேலியை நூல் பிடித்துக் கத்தரிப்பேன். "நீங்கள் செத்தாலும் எழும்பிப் பெட்டியை நேராய் வையுங்கோ எண்டுதான் சொல்லுவியள்" என்பாள் என் மனைவி சுசீலாதேவி. எங்கள் ஆட்களைப் பற்றி யாரும் ஒரு குறை சொல்லிவிடக் கூடாது என்பதுதான் என் எண்ணம்.

போன வருடம் மார்ச் மாதப் பொதுக்கூட்டத்தில் நான் ஒரு புதிய விதியைக் கொண்டுவந்தேன். குளிர்காலத்தில் கரவன்கள் வாசலில் நிற்கக் கூடாது என்பது அதன் முதல் பகுதி. மூலை வீட்டு யென்ஸின் பழைய கரவனைப் பற்றி எல்லோரும் ஒரு மணி நேரம் வாயடித்தார்கள். இரண்டாவது பகுதியை நான் கொஞ்சம் வேகமாக வாசித்தேன். இலக்கத் தகடு இல்லாத, ஓடாத வாகனம் எதுவும் தெருவுக்குத் தெரியும்படி நிற்கக் கூடாது. அறிவித்தல் கொடுத்துப் பதினான்கு நாட்களுக்குள் அகற்ற வேண்டும். அதைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. எங்கள் தெருவில் அப்படியான வாகனம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. தேவநாயகத்தின் வாசலில், நீலப் படங்கு போர்த்தி நின்றது.

எங்கள் கூட்டங்களில் ஒரு பழக்கம் உண்டு. டேனிஷ் பேச்சு வேகமாகப் போகும்போது தமிழர் ஐந்து வீட்டாரும் என் கையைப் பார்ப்பார்கள். நான் உயர்த்தினால் உயர்த்துவார்கள். அன்றும் அப்படித்தான். தேவநாயகத்தின் கை மற்றவர்களுடையதைவிட உயரத்தில் நின்றது. அவன் பெந்தெகொஸ்தே சபைக்குப் போகிறவன், கை உயர்த்திப் பழகியவன்.

தேவநாயகமும் நானும் இறைச்சித் தொழிற்சாலையில் இருபத்திரண்டு வருடம் பக்கத்தில் பக்கத்தில் நின்று வேலை செய்தவர்கள். படங்குக்குள் இருந்தது அவனுடைய மகள் நிலக்ஷியின் சின்னக் கார். அதற்கு முந்திய ஒக்டோபரில், ஒரு திங்கட்கிழமை காலை ஏழு மணிக்குச் சற்று முன், ஆஸ்பத்திரி வேலைக்குப் போகும் வழியில் சந்தியில் நிற்காமல் போய்ப் பால் லொறியில் மோதினாள். இருபத்தைந்து வயது. ஒரே பிள்ளை. காரின் முன்பக்கம் முழுக்க நசுங்கியிருந்ததால், எது முதலில் உடைந்தது என்று உறுதியாகச் சொல்ல முடியாது என்று பொலிஸ் எழுதியது. அவளுடைய போன் மட்டும் மடியில் திறந்தபடி கிடந்தது. ஊர்ச்சனத்துக்கு அது போதும். போனைப் பார்த்துக்கொண்டு ஓடினவளாம் என்று கடையிலும் சபையிலும் கதைத்தார்கள். சொல்லியும் கேளாத பிள்ளைகள் என்று நானும் இரண்டு இடத்தில் சொன்னேன்.

தேவநாயகம் நம்பவில்லை. காரை ட்ரெய்லரில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுவந்து வைத்தான். அவனுடைய அண்ணன் மகன் ரஜிதன் ஒரு பொறியியலாளன்; அப்போது கடலில் மின்சாரக் காற்றாடிகள் நடும் கப்பலில் வேலை. மே மாதம் லீவில் வந்து சில்லுகளைக் கழற்றிப் பார்ப்பதாகவும், அதுவரை யாரும் காரைத் தொடக் கூடாது என்றும் சொல்லியிருந்தான். தேவநாயகத்தின் மனைவி கிருபாமலர் ஞாயிறுகளில் ஆராதனை முடிந்து வந்து, படங்கை விலக்கி, அந்தக் காரின் பக்கத்து இருக்கையில் கொஞ்ச நேரம் இருப்பாள். என் சமையலறை யன்னலிலிருந்து பார்த்தால் தெரியும். என்னால் பார்க்க முடியாமல் யன்னல் சீலையை இழுத்துவிடுவேன்.

அறிவித்தலைத் தபால் பெட்டியில் போடாமல் நானே கையில் கொண்டுபோய்க் கொடுத்தேன். அது ஒரு மரியாதை.

"அண்ணை, மே மாதம் மட்டும் விடேலாதோ?" என்று கேட்டான்.

"உனக்கு விட்டால் யென்ஸ் கேப்பான், தேவன். உங்கட ஆக்களுக்குச் சட்டம் இல்லையோ எண்டு கேப்பான்."

"அப்ப உங்கட கராஜுக்குள்ள தள்ளி விடுவமோ? ஒரு மாதந்தானே."

"அதுக்குள்ள இடமில்லை."

கடிதத்தை இரண்டாக மடித்தான். "ஓம் அண்ணை, நான்தானே கையும் உயர்த்தினனான்" என்றான்.

ஏப்ரலில் ஒரு வியாழக்கிழமை பழைய இரும்புக்காரரின் லொறி வந்தது. கிருபாமலர் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். சாரதி இருக்கையில் தலை சாய்க்கிற மெத்தை வேண்டுமாம். பிள்ளையின் தலை எண்ணெய் வாசம் இன்னும் அதில் இருக்கிறதாம். நான் போய் என் கையாலேயே கழற்றிக் கொடுத்தேன். அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, "கர்த்தர் உங்களை ஆசீர்வதிப்பார், அண்ணை" என்றாள். வீட்டுக்கு வந்து குளியலறைக் கதவைப் பூட்டிக்கொண்டு அழுதேன். அந்த அழுகை பொய் இல்லை.

மே மாதம் ரஜிதன் வந்தான். கார் நின்ற இடத்துக் கற்களில் இருந்த எண்ணெய்க் கறையைப் பார்த்துவிட்டுப் போனான். அதற்குப் பிறகு தேவநாயகமும் மெல்ல மெல்ல ஊர்க்கதையை நம்பத் தொடங்கிவிட்டான். அந்த லொறிச் சாரதி இன்னும் வேலைக்குத் திரும்பவில்லை என்று கேள்விப்பட்டு, அவருக்கு ஒரு மன்னிப்புக் கடிதம் எழுத வேண்டும், நல்ல டேனிஷில் எழுதித் தாருங்கள் என்று என்னிடம்தான் வந்தான். எங்கள் மகள் போனைப் பார்த்தபடி வந்தது தவறு, எங்களை மன்னியுங்கள் என்று அவன் சொல்லச் சொல்ல எழுதிக் கொடுத்தேன். கிருபாமலர் கையெழுத்து வைக்க மாட்டேன் என்றாள். பிறகு வைத்தாள். அன்றிலிருந்து அவள் சபைக்குப் போவதில்லை.

இந்த மார்ச் கூட்டத்தில் என்னை மறுபடியும் தலைவராக்கச் சொல்லி எழுந்து நின்றவன் தேவநாயகம். அதற்குப் பிறகு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அதனால்தான் சொல்கிறேன்.

இந்த ஊரில் பஸ்ஸை நம்பி வேலைக்குப் போக முடியாது. தமிழருடைய கார்கள் பரிசோதனைக்குப் போகுமுன் என் கராஜுக்கு வரும். தொழிலாகச் செய்வதில்லை, உதவிதான். ஒரு சாப்பாட்டோடு சரி. அதனால் யார் காரில் என்ன செய்தேன் என்று ஒரு துண்டுக் கடதாசியும் இருக்காது. அந்த ஒக்டோபர் சனிக்கிழமை நிலக்ஷியின் காருக்குப் புதுப் பிரேக் குழாய் போட்டேன். குழாயைப் பூட்டும் போல்ட்டுக்கு இரண்டு பக்கமும் ஒவ்வொரு செப்பு வளையம் போட வேண்டும். இல்லாவிட்டால் பிரேக் ஒயில் கொஞ்சம் கொஞ்சமாகக் கசியும். அவள் காரை எடுத்துக்கொண்டு போன பிறகு மேசையைத் துடைத்தேன். ஒரு வளையம் மேசையில் கிடந்தது.

மறுநாள் ஞாயிறு, அவர்கள் வீட்டில் மத்தியானச் சாப்பாடு. நிலக்ஷியின் தாதி வேலை நிரந்தரமானதற்கு இருபது பேரைக் கூப்பிட்டிருந்தார்கள். வளையம் என் சட்டைப் பையில் இருந்தது. எப்படியாவது காரைக் கேட்டு வாங்கலாம் என்றுதான் போனேன். தேவநாயகம் என் தோளில் கை போட்டு, "கந்தையா அண்ணையின்ர கை பட்ட கார், இனிப் பயமில்லை" என்று எல்லோருக்கும் கேட்கச் சொன்னான். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அப்போதுதான் நிலக்ஷி நண்டுக்கறி கொண்டுவந்தாள்.

"மாமா, காரில ஒரு சிவப்பு லைற் பத்திப் பத்தி நிக்குது."

"புதுப் பிரேக் பிள்ளை, படிய ரெண்டு நாள் எடுக்கும்."

"யா, யா, மாமா" என்று சிரித்துவிட்டு அடுத்தவரின் சாப்பாட்டுக் கோப்பைக்குப் போனாள்.

திங்கட்கிழமை வேலை முடிந்து வந்து, ஏதாவது சாட்டுச் சொல்லி, யாருக்கும் தெரியாமல் வளையத்தைப் போட்டுவிடலாம் என்று நினைத்தேன். ஒரு நாள் தாங்கும் என்று நினைத்தேன். வேலையில் போனைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிவிடுவோம். மத்தியானம் எடுத்துப் பார்த்தபோது, காலை ஆறு ஐம்பதுக்கு அவள் என்னை அழைத்திருந்தாள். பொலிஸ் கேட்டபோது, சாப்பாட்டுக்கு வந்ததற்கு நன்றி சொல்ல எடுத்திருப்பாள் என்றேன். கார் ஓடும்போது போனைத் தொட்டது அவளுடைய பிழைதானே.

ஞாயிறு நான் புறப்பட்டபோது வாசல்வரை வந்து கை காட்டினாள். "கவனமாய் ஓடு பிள்ளை" என்றேன். நான் சொல்லவில்லை என்று ஒருவரும் சொல்ல முடியாது.