வெள்ளைக் குடைக்குக் கீழ ஒரு இரும்பு மனுஷன்

...கூப்புடறாங்க, கூப்புடறாங்க, கூப்பிட்டுக்கிட்டே இருக்காங்க. வந்த நோயாளியப் பத்திரமா வச்சுக்கத் தெரியல, இதுக்குப் பேரு ஆஸ்பத்திரி. ஆமாங்க, அந்த மைக்குல வர்றது எங்க வீட்டுக்காரரு பேருதான். விடுங்க, கத்தட்டும். நீங்க நல்லா சாஞ்சு உக்காருங்க.

உங்களுக்கு யாருக்கு... மாமியாருக்கு மூட்டு வலியா? குடுத்து வச்சவங்க. எங்களுக்கு ஈரல்ல கட்டி, புத்துநோய். அதுக்கு இரும்புன்னா உசுராம். ரத்தத்துல இருக்கிற இரும்பையெல்லாம் தானே இழுத்து வச்சுக்குதாம், பக்கத்துத் தட்டையும் சேத்து வழிக்கிற எங்க நாத்தனார் புருஷன் மாதிரி. இவங்க என்ன பண்றாங்க, அவ்ளோ ஆசையா, இந்தா தின்னுன்னு, கண்ணுக்கே தெரியாத இரும்புப் பொடிய ஊசியில ஏத்துறாங்க. அது ஆசை ஆசையா முழுங்கி, உள்ளுக்குள்ளயே துருப்பிடிச்ச மாதிரி ஆகிச் செத்துருமாம். அஞ்சாவதோட நின்ன எனக்கே புரிஞ்சுபோச்சு, பாருங்களேன்.

ஆனா நான் தையக்காரிங்க. கீழ கொட்டுன குண்டூசியக் காந்தத்தாலதான் பொறுக்குவேன். இவருக்குப் பொடி ஏத்திட்டு வந்த அன்னைக்குப் பாத்தா, ஊசியெல்லாம் துள்ளித் துள்ளி வந்து ஒட்டுது. திரும்பி இவரப் பாத்தேன். இவரு உடம்பு பூரா இரும்புப் பொடியாச்சே! காந்தத்தத் தூக்கி வீசினேன். பிரிட்ஜு கதவு ரப்பர்லயும் காந்தமாமே, அதப் பிச்சிட்டுக் கதவக் கயித்தால கட்டிட்டேன். பால் திரியுது. திரியட்டும். ஈரல்ல கட்டி வந்ததுலேர்ந்து உம்முன்னு கெடந்த மனுஷன், கயித்த அவுத்துத் தண்ணி எடுக்கிறப்பல்லாம் சிரிக்கிறாரு.

இன்னைக்குக் கட்டி சுருங்கிச்சான்னு படம் எடுக்கணுமாம். எடுங்க, யாரு வேணாம்னா? மெஷினு என்னன்னு கேட்டா, ரூம் பெருசுக்குக் காந்தம்! பொடியெல்லாம் பிச்சுக்கிட்டு வராதும்மான்னு டாக்டரம்மா படிச்சுப் படிச்சுச் சொல்றாங்க. அவங்களுக்கென்ன. ஒட்டிக்கிட்டா, ஒரு பக்கம் பிடிச்சு இழுக்கப் போறது நான்தானே?

அதான் ஆள ஒளிச்சு வச்சிட்டேன். கத்தாதீங்க, மெதுவாப் பேசுங்க... கீழ, வண்டி நிறுத்துற எடத்துல, தண்ணித் தொட்டிக்குப் பின்னால. என்னோட வெள்ளைக் குடையப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருக்காரு. அங்கயும் சிரிப்புதான்.

ம்... காந்தம் ஒரு சாக்குங்க. படத்தப் பாத்துட்டு, கட்டி அப்படியேதான் இருக்குன்னு சொல்லிட்டா? இப்பத்தான் சிரிக்க ஆரம்பிச்சிருக்காரு...

ஏங்க, எங்க எந்திரிச்சீங்க? பைய விட்டுட்டுப் போறீங்க... அந்த நர்சுகிட்டயா? ஏங்க, நம்பிச் சொன்னா...

சரி, போங்க. போய்ச் சொல்லுங்க. வெள்ளைக் குடைன்னு சொல்லுங்க. அப்புறம்... ஏங்க, நில்லுங்க! ஊருக்கெல்லாம் தைக்கிறேன், அவரு சட்டைக்குப் பட்டன் வைக்கல, குண்டூசிதான் குத்தியிருக்கேன். அந்தக் காந்த மெஷினுக்குள்ள விடுறதுக்கு முன்னால அத மொதல்ல எடுத்துறச் சொல்லுங்க!