ஒன்பதாம் மணி வேளைக்கு முன்

ஓடுகிறோம். மூன்று பேர். முன்னால் முனுசாமி. நடுவில் நான். கடைசியில் தேவசகாயம். அவருக்கும் பின்னால் சத்தம் வருகிறது. முதலில் தடித்த மூங்கில் ஒடிவது போல ஒன்று. பிறகு பீரங்கி. நான் பீரங்கியைக் கேட்டதில்லை. அந்த மாதம் பத்திரிகை முழுக்கத் தென்னாப்பிரிக்கப் போரின் பீரங்கிகள். வேறு உவமை தோன்றவில்லை.

"ஓடு! ஓடு! மேல வுழுது!" தேவசகாயத்தின் குரல்.

மெழுகுவத்திகள் அணைகின்றன. மூன்றும் ஒரே நொடியில். காற்று முகத்தில் அறைகிறது. வாய் நிறையப் புழுதி. இரண்டாம் வெடி முன்னாலிருந்து. நாங்கள் ஓடிக்கொண்டிருந்த திசையிலிருந்து. விழுகிறேன். சிறு கற்கள் உதிர்கின்றன. நிற்கின்றன. மறுபடியும் உதிர்கின்றன. பிறகு எதுவும் இல்லை.

வத்தியை ஏற்ற ஏழு தீக்குச்சிகள் ஆயின. கடிகாரத்தில் பத்து ஐம்பத்திரண்டு. முன்னால் கூரை வரை கல். பின்னால் கூரை வரை கல். நடுவில் இருபது அடி நீளம், குனிந்து நிற்கும் உயரம். முனுசாமியின் வலது பாதம் ஒரு பாறைக்கு அடியில். தேவசகாயம் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். மார்பில் அடி. மூச்சு விடும்போது சீழ்க்கை போல ஒரு சத்தம்.

கோலார் தங்கவயல். சுரங்கத்துக்குள் பதினொன்றாம் லெவல், அதாவது தளம். டிசம்பரின் கடைசிச் சனிக்கிழமை. நூற்றாண்டு முடிய ஒரு நாள் இருக்கிறது என்று எல்லாரும் சொன்னார்கள். ஒரு வருஷமும் ஒரு நாளும் என்று நான் சொன்னேன். யாரும் கேட்கவில்லை.

பாறைக்குள் அழுத்தம் ஏறினால் பாறை தானே வெடிக்கும். மருந்து வைக்க வேண்டாம். எங்கள் ஊரில் அதற்கு ஏர்பிளாஸ்ட் என்று பெயர். அந்த வருஷம் அடிக்கடி வெடித்தது. ஆண்டர்சன்பேட்டையில் ஒரு சிறு சபை. அதன் பிரசங்கியார் இதையெல்லாம் குறித்து வைத்திருந்தார். தென்னாப்பிரிக்காவில் யுத்தம். பெங்களூரில் கொள்ளைநோய். ஜில்லாவில் மழை இல்லை. பூமி காலுக்கடியில் அதிர்கிறது. வேதத்தில் சொன்ன அடையாளங்கள் நான்கும் ஒரே வருஷத்தில். வேதத்தில் தானியேல் சொன்ன நாட்களைக் கூட்டிக் கழித்து நாளும் சொல்லிவிட்டார். அந்தச் சனிக்கிழமை. கர்த்தர் ஜீவனை விட்ட அதே ஒன்பதாம் மணி வேளை. நம் கணக்கில் பிற்பகல் மூன்று. சபையார் வெள்ளை உடுத்தி, பேட்டைக்குப் பின்னால் உள்ள குன்றின் மேல் நிற்க வேண்டும். மேகத்தில் வருகிறவர் அங்கிருந்து அவர்களை எடுத்துக்கொள்வார்.

நானும் கிறிஸ்தவன்தான். மிஷன் பள்ளியில் படித்தவன். நாளையும் நாழிகையையும் ஒருவனும் அறியான் என்று எங்களுக்குச் சொல்லித் தந்திருந்தார்கள். சபையார் அந்த வசனத்துக்கும் விளக்கம் வைத்திருந்தார்கள்.

நான் டைம் ஆபீஸ் ரைட்டர், ஆள்கணக்கு எழுதுகிறவன். விதிகளைச் சொல்கிறேன். இல்லாவிட்டால் எங்கள் நிலைமை விளங்காது. கீழே இறங்குகிறவன் தன் எண் பொறித்த பித்தளை வில்லையைப் பலகையிலிருந்து எடுத்துக்கொள்வான். ஏறி வந்ததும் திரும்ப மாட்டுவான். வெற்றுக் கொக்கி என்றால் அந்த ஆள் கீழே இருக்கிறான். ஆபீஸ்காரர்களுக்கு வில்லை இல்லை. தனிப் புத்தகத்தில் கையெழுத்துப் போட வேண்டும். ரைட்டர் மேசையில் இல்லாதபோது அந்தப் புத்தகம் பெட்டிக்குள் பூட்டியிருக்க வேண்டும். அன்று காலை ஒன்பது நாற்பதுக்குக் கையெழுத்துப் போட்டேன். பூட்டினேன். சாவியை இடுப்பில் செருகினேன். கேஜ் என்ற இரும்புக் கூண்டில் இறங்கினேன். எந்த விதியையும் நான் மீறவில்லை.

இறங்கியது ஆள்மாறாட்டம் பிடிக்க. அந்தச் சனிக்கிழமைக்குச் சபையாரில் யாருக்கும் லீவு தரவில்லை. சொல்லாமல் நின்றால் வேலையும் கம்பெனி கொடுத்த தட்டி வீடும் போய்விடும். ஆனால் காலையில் அவர்கள் வில்லைகள் எல்லாம் ஒழுங்காகக் கீழே போயிருந்தன. எனக்குச் சந்தேகம். முனுசாமியிடம் அவன் எண்ணைக் கேட்டுக்கொண்டிருந்தபோதுதான் பாறை ஒடிந்தது.

மூடிக்கொண்ட பிறகு விசாரணையைத் தொடர்ந்தேன். வேறு என்ன செய்வது என்று தெரியவில்லை.

"எண்?"

"நானூத்திப் பன்னெண்டு."

"பேர்?"

"ஞானமுத்து."

"உன் பேர்?"

"முனுசாமி, ரைட்டர் ஐயா. குடியாத்தம் பக்கம். ஞானமுத்து அண்ணன் குன்னுமேல கீறாரு. நான் அவருக்குப் பதிலு. இப்போ சொன்னா இன்னா? காலு கல்லுக்குள்ள கீது. ஓடிப்போயிருவனா?"

அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

மேலே என்ன நடக்கும் என்பது நிமிஷக் கணக்கில் எனக்குத் தெரியும். முதலில் மற்ற ஆட்கள் ஏறுவார்கள். வில்லைகள் மாட்டப்படும். வெற்றுக் கொக்கிகள் இரண்டு. 407, தேவசகாயம். 412, ஞானமுத்து. இருவரும் அந்தச் சபை. பியூன் குன்றுக்குப் போவான். அடிவாரத்தில் நின்று எண்களைக் கூப்பிடுவான். ஞானமுத்து அங்கே உயிரோடு நிற்பான். தேவசகாயத்துக்குப் பிரசங்கியார் பதில் சொல்லுவார், சபை மொத்தமும் இங்கே என்று. இரண்டு எண்களும் தேடும் பட்டியலில் அடிக்கப்படும். என் பெயர் பூட்டிய பெட்டிக்குள். சனிக்கிழமை மதியம் ரைட்டர் மேசையில் இல்லை என்றால் வீட்டுக்குப் போய்விட்டார் என்று பொருள். பதினொன்றாம் லெவலில் ஆள் இல்லை என்று எழுதுவார்கள்.

நான் அந்த இடத்தில் இருந்தாலும் அப்படித்தான் எழுதியிருப்பேன்.

"நீர் ஏன் குன்றுக்குப் போகவில்லை?" என்று தேவசகாயத்தைக் கேட்டேன். பாறையில் துளை போடுகிறவர். ஐம்பது வயது இருக்கும். குடும்பம் இல்லாத தனி ஆள்.

"ரெண்டு பேரு வயல்ல இருப்பாங்கன்னு கர்த்தர் சொன்னாரு. ரெண்டு பொம்பளைங்க மாவு அரைப்பாங்க. ஒருத்தர எடுத்துக்குவாரு, ஒருத்தர உட்டுருவாரு. எல்லாம் வேலை செஞ்சிகினு கீறவங்க. குன்னுமேல நின்னவங்கன்னு எங்கியும் சொல்லல. பிரசங்கியார்கிட்ட கேட்டேன். கோவிச்சிக்கினாரு." மூச்சு வாங்கினார். "அதான் யாருக்கும் சொல்லாம வேலைக்கு வந்துட்டேன்."

"பதினோராவது லெவலுக்கு ஒங்க சாமி வருவாரா, அண்ணே?" முனுசாமி.

"கல்லறையே தொறக்கும்போது லெவலு இன்னாடா? இது அத்தவிட லேசு."

"அப்போ நம்ம மூணு பேர்ல ஒருத்தரத்தான் எடுப்பாரா?"

தேவசகாயம் எங்கள் இருவரையும் பார்த்தார். பார்வையில் இரக்கம் இருந்தது.

"சரி, போண்ணே. போற வழியில ஆபீசுல நின்னு, கீழ ரெண்டு பேரு கீறாங்கன்னு ஒரு வார்த்த சொல்லிட்டுப் போ."

தேவசகாயம் சிரித்தார். சிரித்ததும் இருமினார். உதட்டில் ரத்தம்.

துளை எந்திரத்துக்கு வரும் காற்றுக்குழாய் கல்லுக்குள்ளிருந்து நீட்டிக்கொண்டிருந்தது. முனை கிழிந்திருந்தது. அதிலிருந்து சீறிக்கொண்டு காற்று வந்தது. அதனால்தான் மூச்சு விட்டோம். சுத்தியலால் குழாயைத் தட்டினேன். மூன்று. நிறுத்தம். மூன்று. பதினொன்றரை வரை தட்டினேன். பன்னிரண்டு வரை தட்டினேன். அந்தப் பக்கம் காது வைக்க ஆள் இல்லை. எல்லாரையும் மேலே அழைத்திருப்பார்கள். அதுவும் விதி.

பன்னிரண்டு நாற்பது. சீறல் குறைகிறது. முனகல் ஆகிறது. நிற்கிறது.

"இன்னா ஐயா ஆச்சு?"

"ஏதோ கோளாறு" என்றேன்.

கோளாறு இல்லை. ஆளில்லாத லெவலுக்குக் காற்றை அடைத்துவிடுவார்கள். வீணாகப் போகக் கூடாது. அந்த உத்தரவை டைம் ஆபீஸ்தான் அனுப்பும். என் மேசையிலிருந்து போகும். மேலே யாராவது வாய் திறந்து, கீழே ஆள் இருக்கிறது என்று சொன்னால் ஒழிய அந்தக் காற்று இனி வராது. சொல்லக்கூடியவன் ஒருவன்தான், ஞானமுத்து. சொன்னால் வேலை போகும். வீடு போகும். அதைவிட, மூன்று மணிக்கு எடுத்துக்கொள்ளப்படப் போகிறவன் இரண்டு மணிக்குக் குன்றைவிட்டு எதற்காக இறங்க வேண்டும்?

இரண்டு வத்திகளை அணைத்துவிட்டேன். ஒன்று எரிந்தது. ஒன்றரை மணிக்குச் சுடர் குட்டையானது. தலைவலி. முனுசாமி பேச்சை நிறுத்திவிட்டான். மரத் தூண் ஒன்று முறுமுறுத்தது. தேவசகாயம் அடிக்கடி மணி கேட்டார். சொன்னேன். ஒன்று ஐம்பது. இரண்டு ஐந்து. இரண்டு இருபது. ஒவ்வொரு தடவையும் தலையசைத்தார், ரயிலுக்குக் காத்திருப்பவர் போல. இரண்டு இருபத்தைந்துக்குச் சுடர் அணைந்தது. அதன் பிறகு கடிகாரத்தின் ஓசைதான்.

இருட்டில் ஒரு சத்தம். சன்னமாக. பெரிதாகிறது. குழாய் இருமுகிறது. புழுதியைக் கக்குகிறது. பிறகு சீறுகிறது. காற்று முகத்தில் மோதுகிறது. தடவித் தடவி வத்தியை ஏற்றினேன். சுடர் நின்றது. இரண்டு முப்பத்தைந்து.

தேவசகாயம் நிமிர முயன்றார். கண் அகன்றிருந்தது. அந்தச் சபையில் பரலோகத்துக் காற்றைப் பற்றி அதிகம் பேசுவார்கள்.

"வந்துட்டாரு" என்றார். "வந்துட்டாரு. கேக்குதா?"

அது கம்பிரஸர், மேலேயிருந்து காற்றை அழுத்தி அனுப்பும் எந்திரம். எனக்குத் தெரியும். யாரோ சொல்லிவிட்டார்கள், வால்வைத் திறந்திருக்கிறார்கள். பிழை கண்டால் திருத்துவது என் பழக்கம். வாய் திறந்தேன். முனுசாமி முந்திக்கொண்டான். அவனும் சுரங்கத்துக்காரன். கம்பிரஸர் காற்று எதுவென்று அவனுக்குத் தெரியாதா?

"ஆமாண்ணே. வந்துட்டாரு. நீ கெளம்பு. எங்களப் பத்திக் கவலப்படாத."

தேவசகாயம் கையை நீட்டினார். முனுசாமி கிடந்தபடியே பிடித்துக்கொண்டான். சீழ்க்கை மெதுவானது. இரண்டு ஐம்பதுக்கு நின்றது. மூன்று மணிக்கு வேறு எதுவும் நடக்கவில்லை. நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நான்கு பத்துக்குக் குழாயில் தட்டினார்கள். மூன்று. நிறுத்தம். மூன்று. திருப்பித் தட்டினேன். அழுதேன். ஞாயிறு காலை ஆறு பத்துக்குக் கல் விலகி ஒரு கை தெரிந்தது. "எத்தினி பேரு?" என்று ஒரு குரல் கத்தியது. "ரெண்டு!" என்று முனுசாமி கத்தினான். பிறகு "மூணு!" என்று திருத்தினான்.

மேலே நடந்ததைப் பிறகு கேட்டு அறிந்தேன். பெரும்பாலும் நான் ஊகித்தபடி. பியூன் கூப்பிட்டான். குன்றிலிருந்து பதில் வந்தது. எண்கள் அடிக்கப்பட்டன. ஊகிக்காதது ஒன்று. வெடித்தது எந்த லெவல் என்று ஞானமுத்து பியூனிடம் கேட்டிருக்கிறான். கேட்டபின் இரண்டு மணி நேரம் பாட்டில் கலந்துகொள்ளாமல் நின்றிருக்கிறான். இரண்டு மணிக்கு இறங்கத் தொடங்கினான். பிரசங்கியார் கத்தினார்.

"ஞானமுத்து! திரும்பிப் பாக்காத! திரும்பிப் பாத்து உப்புத்தூணாப் போன லோத்து பெஞ்சாதிய நெனச்சிக்கோ! ஒரு மணி நேரந்தான் கீது!"

அவன் நம்பிக்கை இழந்து இறங்கவில்லை. இதை அழுத்திச் சொல்கிறேன். நம்பியபடியே இறங்கினான். மூன்று மணிக்கு மற்றவர்கள் போய்விடுவார்கள், தான் மட்டும் தரையில் நிற்க வேண்டியிருக்கும் என்று முழுசாக நம்பினான். வெள்ளை உடுப்போடு டைம் ஆபீஸ் வாசலில் வந்து நின்றான்.

"என் வில்லைய முனுசாமி எடுத்துகினு போனான். அவன் வூட்டுக்கு வரல. சீக்கிரம் ஆள அனுப்புங்க. எனுக்கும் அவங்களோட போணும்."

அந்த வாக்குமூலத்தை அங்கேயே எழுதி வாங்கியிருந்தார்கள். திங்கட்கிழமை அது என் மேசைக்கு வந்தது. வில்லையை மாற்றிக் கொடுத்த குற்றத்துக்கு ரைட்டர் அறிக்கை எழுத வேண்டும். அந்த விதியில் விதிவிலக்கு இல்லை. தேடினேன். இரண்டு தடவை தேடினேன். வில்லை தொலைந்தது, வேறொருவன் கண்டெடுத்தான் என்று எழுதியிருக்கலாம். வாக்குமூலத்தைக் காணோம் என்றும் சொல்லியிருக்கலாம். நான் அப்படிப்பட்டவன் இல்லை என்று அன்று எனக்குள் சொல்லிக்கொண்டேன். நான்கு பக்கம் எழுதினேன். ஒரு அடித்தல் இல்லை.

ஞானமுத்து கேட்டான். "எல்லாம் சரியா எழுதிட்டீங்களா, ரைட்டர் ஐயா?"

"எழுதிட்டேன்."

"சரிங்க" என்றான்.

இழப்பை எழுதி முடிக்கிறேன். மற்றவர்கள் மறந்துவிட்டார்கள்.

தேவசகாயம். உயிர். சபையார் அடக்கத்துக்கு வரவில்லை; குன்றில் நிற்காதவர் என்றார்கள். நானும் குழி வெட்டியவர்கள் இருவரும் நின்றோம்.

முனுசாமி. வலது கால், கணுக்காலுக்கு மேலே. அவன் பெயர் எந்தப் பதிவிலும் இல்லாததால் நஷ்டஈடு இல்லை. வண்டியில் படுக்கவைத்துக் குடியாத்தத்துக்கு அனுப்பினார்கள்.

ஞானமுத்து. வேலை. தட்டி வீடு. சபை. ஒருவன் இறங்கிப்போனதால்தான் கர்த்தர் தாமதித்தார் என்று பிரசங்கியார் விளக்கம் சொன்னார். அதன் பிறகு ஆண்டர்சன்பேட்டைக் கடைத்தெருவில் அவனோடு யாரும் பேசவில்லை. மனைவி, இரண்டு பெண் பிள்ளைகள், ஒரு தகரப் பெட்டி. பவுரிங்பேட்டைக்கு ரயில் ஏறினார்கள். எங்கே போனார்கள் என்று தெரியாது. நான் விசாரிக்கவில்லை.

நான். இழப்பு இல்லை. அறிக்கை நன்றாக எழுதப்பட்டிருந்தது என்று மார்ச் மாதம் என்னைத் தலைமை ரைட்டர் ஆக்கினார்கள்.